வெயிலுகந்தாளின் விதைக்கோட்டை

உட்காருங்கள், உட்காருங்கள். பெரியவர்களும்தான். நடுவில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள், கதை பாதியில் கிடந்தால் எனக்கு ஆகாது.

ஆற்றுக்குப் பாலம் போடாத காலம். ராஜாக்கள் நடந்தே ஊர் சுற்றிய காலம். அந்தக் காலத்தில் தெற்கே ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். குணவீரன் என்று பெயர். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் அவர் நாட்டிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. துறுதுறு ராஜா என்றால் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

கெட்ட ராஜாவா என்றால், இல்லவே இல்லை. தங்கமான மனுஷர். கொள்ளையடிக்க மாட்டார், கொலை செய்ய மாட்டார், பெண்டு பிள்ளைகள் அழுதால் கூடவே அழுதுவிடுவார். ஒரே ஒரு குறைதான். அவரால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. எதைப் பார்த்தாலும் சரி பண்ண வேண்டும். சரியாக இருப்பதைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் சரி பண்ண வேண்டும்.

ஒரு வருஷம் எல்லா வீட்டு வாசலும் கிழக்கே பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். மறுவருஷம் உழவுமாடு எல்லாம் உச்சிவேளையில் ஒரே நேரத்தில் அசைபோட வேண்டும் என்றார். அதற்கடுத்த வருஷம் நாட்டில் உள்ள அகப்பைகள் எல்லாம் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்றார். வடக்கு மலைவாசலில் காவல் நின்ற வீரர்களைக் கூட்டிவந்து வீடு வீடாக அகப்பை அளக்க விட்டார். அந்தச் சமயம் பார்த்து மலைவாசல் வழியாகக் கள்ளன் வந்து நாற்பது மாட்டை ஓட்டிக்கொண்டு போனான். "காவல்காரன் எங்கே?" என்று கேட்டால், "அடுப்படியில் இருக்கிறான்" என்று பதில். சிரிக்காதீர்கள். மாடு போனவன் சிரிக்கவில்லை.

அந்த நாட்டில் கடம்பன்குளம் என்று ஒரு ஊர். அங்கே வெயிலுகந்தாள் என்று ஒருத்தி இருந்தாள். நாற்பத்தைந்து வயது. கறுத்து, ஒடிசலாக, நடையில் ஒரு விறுவிறுப்பு. அவள் புருஷன் பட்டமுத்து நல்லவன், பயந்தவன். பல்லி சொன்னால்கூட "யாரது?" என்று கேட்பான்.

வெயிலுகந்தாளுக்கு ஒரு வயலும் ஒரு வீடும் உண்டு. அதைவிடப் பெரிய சொத்து அவள் வீட்டுப் பரணில் இருந்தது. விதைக்கோட்டைகள்.

கோட்டை என்றதும் மதிலும் அகழியும் நினைக்காதீர்கள். விதைநெல்லை நடுவில் வைத்து, வைக்கோலைப் புரி திரித்து உருண்டையாகச் சுற்றி, மேலே சாணி மெழுகிக் காயவைப்பார்கள். அதுதான் விதைக்கோட்டை. உள்ளே காற்று போகாது, ஈரம் போகாது, வண்டு போகாது. அமாவாசைக்கு அமாவாசை கோட்டையை வெயிலில் வைத்து எடுக்க வேண்டும். அவ்வளவு பண்ணினால் விதை ஒரு வருஷம் உயிரோடு கிடக்கும். ஒரு வருஷம் தாண்டினால் நெல் இருக்கும், உயிர் இருக்காது.

அறுவடை சமயத்தில் ஊரே கதிர் அறுக்கும். வெயிலுகந்தாள் மட்டும் வயலுக்குள் குனிந்து கதிர் கதிராகப் பார்ப்பாள். இது தேறும், இது தேறாது, இது இன்னொரு வருஷம் பார்க்கலாம் என்று தனக்குத்தானே பேசிக்கொள்வாள். இருபத்திரண்டு வருஷம் அப்படிப் பொறுக்கிச் சேர்த்த விதை அது. ஒவ்வொரு கோட்டைக்கும் புரிக்கயிற்றில் ஒரு முடிச்சு போடுவாள். ஒற்றை முடிச்சு என்றால் அறுபது நாளில் விளைகிற நெல். இரட்டை முடிச்சு மேட்டு வயலுக்கு. மூன்று முடிச்சு தண்ணீர் தேங்குகிற பள்ளத்துக்கு. முடிச்சு இடப்பக்கம் சாய்ந்தால் ஒரு குணம், வலப்பக்கம் சாய்ந்தால் இன்னொரு குணம். அவளுக்கு எழுதத் தெரியாது. அந்த முடிச்சுதான் அவள் எழுத்து.

சுத்துப்பட்டு ஊரெல்லாம் அவளிடம்தான் விதை கேட்டு வரும். வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்பாள்.

"எந்த வயலு? தண்ணி எப்பிடி? யாரு வெதைப்பா?"

பதிலைக் கேட்டு, பரணில் ஏறி, ஒரு கோட்டையை எடுத்துக் கொடுப்பாள். விளைந்ததும் அவர்கள் நல்ல கதிராகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இல்லை என்று சொன்னது ஒரே ஒருவனுக்குத்தான். அந்த இல்லையில்தான் இந்தக் கதையே பிறந்தது.

அவன் பெயர் கொம்பையா. முதல் வருஷம் விதை வாங்கிப் போய்க் குத்திச் சோறாக்கித் தின்றான். மறு வருஷமும் வாங்கிப் போய்த் தின்றான். மூன்றாம் வருஷம் வந்து நின்றபோது வெயிலுகந்தாள் வாசலிலேயே மறித்தாள்.

"கொம்பையா, பசிக்கின்னா சொல்லு. திங்கதுக்கு நெல்லு தாரேன், மூட்டையாத் தூக்கிட்டுப் போ. வெதையைத் தரமாட்டேன்."

கொம்பையாவுக்கு மானம் போய்விட்டது. நேரே அரண்மனைக்குப் போனான். "மகராசா, உங்க ஆட்சியில உழுது பொழைக்கிற ஒரு சம்சாரிக்கு வெதை இல்லைங்காளே ஒருத்தி" என்று அழுதான். ராஜாவும் அழுதார். அழுது முடித்ததும் அவர் கை துறுதுறுத்தது.

முதல் உத்தரவு வந்தது. விதை கேட்டு வருகிற யாருக்கும் இல்லை என்று சொல்லக்கூடாது.

தண்டோராச் சத்தம் அடங்கும் முன்னே வெயிலுகந்தாள் வாசலில் கூட்டம். வயல் இருக்கிறவனும் வந்தான், வயல் இல்லாதவனும் வந்தான், வயல் என்றால் என்ன என்று கேட்கிறவனும் வந்தான். அவள் மூன்று கேள்வி கேட்க வாயைத் திறந்தால், "கேள்வி கேக்கலாம்னு உத்தரவுல இருக்கா?" என்று மடக்கினார்கள். கொடுத்தாள். வயிறு எரிய எரியக் கொடுத்தாள். அந்த வாரம் ஊரில் பாதி வீட்டில் விதைநெல் சோறு மணத்தது.

பரண் காலியாவதைப் பார்த்து ராஜாவுக்குத் திடுக்கென்றது. இரண்டாம் உத்தரவு வந்தது. விதை அதிகாரி என்று ஒருவரைப் புதிதாக நியமித்தார்கள். அவர் ஒரு குடையும் நெல் அளக்கிற ஒரு மரக்காலுமாக வந்து வெயிலுகந்தாள் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு மரக்கால். பத்து வயல் வைத்திருப்பவனுக்கும் ஒரு மரக்கால், கைம்பெண்ணின் கால் வயலுக்கும் ஒரு மரக்கால். அவள் தன் வீட்டுக்குள் போவதற்கே அதிகாரியின் குடையைக் குனிந்து தாண்டவேண்டி வந்தது.

"எய்யா, கொஞ்சம் நவுந்து உக்காரக்கூடாதா?" என்றாள்.

"நகர்வதற்கு உத்தரவு இல்லை" என்றார் அவர்.

பங்குனி அறுவடை முடிந்தது. மறுபடியும் கதிர் பொறுக்கி, மறுபடியும் கோட்டை கட்டி, முடிச்சுப் போட்டுப் பரணை நிறைத்தாள். சித்திரையில் மூன்றாம் உத்தரவு வந்தது. நாட்டில் உள்ள விதை எல்லாம் இனி நாட்டின் சொத்து. தலைநகரத்தில் கருங்கல்லால் பெரிய களஞ்சியம் கட்டியாகிவிட்டது. கோட்டைகள் அனைத்தும் அங்கே வர வேண்டும். ஒளித்து வைப்பவருக்குச் சிறை.

அன்று காலையிலிருந்து வெயிலுகந்தாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். வண்டி வரும் திசையையே பார்த்தாள். ஒரு கோட்டை மட்டும் சின்னதாக, தலையணை அளவில் இருந்தது. ஐப்பசி மழைக்கென்று பன்னிரண்டு வருஷம் பொறுக்கிப் பொறுக்கி அவள் தேற்றிய நெல். பத்து நாள் தண்ணீர் தேங்கினாலும் அழுகாது, இருபது நாள் காய்ந்தாலும் கருகாது. அதை எடுத்து ஒரு பழைய சேலையில் சுற்றினாள். புருஷன் படுக்கிற பாயின் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

"ஏட்டி, இது என்ன?" என்றான் பட்டமுத்து.

"ஒம்ம தலையணை."

"எனக்குத் தலையணை வச்சுப் பழக்கம் இல்லையே."

"பழகிக்கிடும்."

அவனுக்கு விஷயம் விளங்கியதும் வேர்த்துக் கொட்டிவிட்டது. "திருட்டுச் சொத்தை என் தலைக்கடியில வைக்கியே, நீ நல்லா இருப்பியா?" என்றான்.

"என் வயல்ல, என் கையால, நான் பொறுக்கின நெல்லு. இது எப்பிடிவே திருட்டுச் சொத்து?"

கேட்டீர்களா? தன் வீட்டுப் பொருளைத் தானே திருடி வைத்துக்கொண்ட முதல் மனுஷி இவள்தான்.

வண்டிகள் வந்தன. வீரர்கள் பரணில் ஏறிக் கோட்டைகளை உருட்டித் தள்ளினார்கள். அவளும் வண்டிக்குப் பின்னாலேயே தலைநகரம் வரை நடந்தாள். எந்த முடிச்சு எதற்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று நினைத்தாள் பாவம். களஞ்சிய வாசலில் அவள் பார்த்தது என்ன தெரியுமா? விதை அதிகாரி அரிவாளோடு நின்றுகொண்டிருந்தார். வருகிற ஒவ்வொரு கோட்டையையும் முடிச்சோடு அறுத்து, எல்லா நெல்லையும் ஒரே குவியலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எய்யா, எய்யா! அறுக்காதிய! அது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சாதி நெல்லு!" என்று அலறினாள்.

"இந்த நாட்டில் நெல்லுக்குள் ஏற்றத்தாழ்வு கிடையாது" என்றார் அதிகாரி. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

வெயிலுகந்தாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அறுபட்ட புரிக்கயிறுகள் காலடியில் கிடந்தன. ஒன்றை எடுத்து முடிச்சைத் தடவிப் பார்த்தாள். அது எந்த வயலின் நெல் என்று அவளுக்குத் தெரிந்தது. நெல்தான் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரு முற்பகலில் போய்விட்டது.

வைகாசியில் எல்லாருக்கும் சமமாக விதை கொடுத்தார்கள். நாடே விதைத்தது. அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது.

மேட்டு நெல் பள்ளத்தில் விழுந்து அழுகியது. பள்ளத்து நெல் மேட்டில் விழுந்து கருகியது. தப்பிப் பிழைத்ததில் ஒரு பயிர் கதிர் முற்றிச் சாய, பக்கத்துப் பயிர் அப்போதுதான் பூத்தது. "எப்ப அறுக்க?" என்று ஜனங்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். ராஜாவின் கை துறுதுறுத்தது. ஆவணி பத்தாம் தேதி நாடு முழுவதும் ஒரே நாளில் அறுக்க வேண்டும் என்றார். அறுத்தார்கள். முற்றியது உதிர்ந்து மண்ணில் போனது, முற்றாதது பால் கட்டாமல் வெறும் பதராய்ப் போனது. களஞ்சியத்தில் மிச்சமிருந்த விதையோ கருங்கல்லின் வேக்காட்டில் வியர்த்து, பூசணம் பிடித்து, வண்டு கட்டிவிட்டது. கதவுக்கு அரண்மனை முத்திரை வைத்திருந்தார்கள். அமாவாசைக்கு வெயிலில் வைக்க யார் உடைப்பார்கள்?

ஜனங்கள் பனங்கிழங்கைத் தின்றார்கள். கீரையைத் தின்றார்கள். ராஜா தன் ஆனைகளை விற்று மலைநாட்டிலிருந்து தினை வாங்கி ஊர் ஊராகக் கஞ்சி ஊற்றினார். அவரும் அந்தக் கஞ்சியைத்தான் குடித்தார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தினை தின்னத்தான் ஆகும். ஐப்பசியில் நாற்றங்காலில் போட நெல்விதை வேண்டுமே? நாட்டில் ஒரு பிடி கிடையாது.

கிடையாது என்று எல்லாரும் நினைத்தார்கள். பட்டமுத்துவின் தலைமாட்டில் இருந்தது.

அந்த ஆறு மாதமும் வெயிலுகந்தாள் பட்ட பாடு! நாய் குரைத்தால் வாசலுக்கு ஓடுவாள். யாராவது "அக்கா" என்று கூப்பிட்டால் கையிலிருப்பது நழுவும். பட்டமுத்து கழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருபக்கமாகவே பார்த்து நடந்தான். "ஏன் கழுத்து இப்படி?" என்று யாராவது கேட்டால், கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான். அவள் பின்னாலிருந்து அவன் முதுகைக் கிள்ளி உள்ளே இழுத்துக்கொண்டு போவாள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை அமாவாசைகள். கோட்டையை வெயிலில் வைத்தே ஆக வேண்டும், வைக்காவிட்டால் விதை செத்துவிடும். வைத்தால் யார் கண்ணிலும் பட்டுவிடும். புறக்கடையில் கோட்டையை வைத்து, சுற்றிலும் மிளகாய் வற்றலைப் பரப்பி, பக்கத்திலேயே உட்கார்ந்து முறத்தைத் தட்டிக்கொண்டிருப்பாள். நிழல் ஓடினால்கூட நிமிர்ந்து பார்ப்பாள்.

புரட்டாசி அமாவாசை அன்று நிமிர்ந்து பார்த்தபோது வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. கொம்பையாவின் தலை.

வெயிலுகந்தாள் முறத்தைத் தட்டுவதை நிறுத்தினாள். அவன் மிளகாயைப் பார்த்தான். கோட்டையைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். இவன் அரண்மனைக்குப் போகிற வழி தெரிந்தவன் ஆயிற்றே! முடிந்தது கதை என்று நினைத்தாள்.

கொம்பையா தொண்டையைச் செருமினான். கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருந்தது அவனுக்கு.

"அக்கா, அந்தப் பக்கம் காஞ்சிட்டு. திருப்பி வையி" என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான். யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசி மழை இறங்கியது. அதற்குள் தண்டோரா மூன்று தடவை வந்து போயிருந்தது. விதை ஒளித்து வைத்தவர் கொடுத்தால் தண்டனை இல்லை என்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொடுத்தால் பட்டும் பொன்னும் என்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொடுத்தால் அவர்களே அடுத்த விதை அதிகாரி என்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஒருவன் மட்டும் சிரித்தான்.

வெயிலுகந்தாளுக்கு நிலைகொள்ளவில்லை. கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். முந்நூறு ஊருக்குப் பங்கு வைப்பார்கள், ஆளுக்கு நாலு நெல் வரும், அதோடு அந்தச் சாதி நெல் பூண்டற்றுப் போகும். கொடுக்காமல் இந்த மழையைத் தவறவிட்டால் அடுத்த மழைக்குள் விதை தானாகவே செத்துவிடும். விதைத்தால்? பச்சையை எந்தச் சேலையில் சுற்றி ஒளித்துவைப்பது?

"பேசாம இருந்துருவோம்" என்றான் பட்டமுத்து. "உசிரு முக்கியம்."

"அதைத்தான் நானும் சொல்லுதேன்" என்றாள் அவள், கோட்டையை அவிழ்த்துக்கொண்டே.

நெல்லை ஊறவைத்து, முளை கட்டி, ஊர் பார்க்க நாற்றங்காலில் விதைத்தாள். ஐந்தாம் நாள் பச்சை தலைகாட்டியது. பத்தாம் நாள் விரலளவு நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்மண்ணும் கருஞ்சேறுமாகக் கிடந்த பூமியில் அந்த ஒரு பாத்தி மட்டும் பளீரென்று இருந்தது. அரண்மனை மாடியிலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் முற்பகலில் ராஜா வந்தார். பின்னால் நூறு வீரர்கள். பக்கத்தில் விதை அதிகாரி, குடையோடு.

ஊர் முழுக்கத் தூரத்தில் நின்று பார்த்தது. பட்டமுத்து மனைவிக்குப் பின்னால் நின்றான், பல் தந்தியடித்தது. ஆனால் ஓடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வெயிலுகந்தாள் வரப்பின் உள்பக்கம் நின்றாள். ராஜா வெளிப்பக்கம் நின்றார்.

"இது யாருடையது?" என்றார் ராஜா.

"என்னுது."

அதிகாரி துள்ளினார். "அரசே! ஒளித்து வைத்தவள்! இப்போதே நாற்றைப் பிடுங்குவோம். முந்நூறு ஊருக்கும் சமமாக எண்ணிக் கொடுத்துவிடலாம். ஊருக்கு ஒரு பிடி வரும்."

ஊருக்கு ஒரு பிடி. ராஜா அந்தப் பச்சையைப் பார்த்தார். தரிசாகக் கிடந்த பூமியைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். பிறகு, அவர் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். உத்தரவு போடாமல் கேட்டார்.

"தாயி, இந்த நாற்றை நாட்டுக்காக எனக்குத் தருவாயா?"

வெயிலுகந்தாள் தன் கையைப் பார்த்தாள். எத்தனை வருஷம் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்த கை! கேட்பவர் ராஜா. பின்னால் நூறு வேல். கொடுத்துவிடு, கொடுத்துவிட்டு உயிரோடு இரு என்று உடம்பெல்லாம் சொன்னது. அவள் வரப்பு மண்ணைக் கால்விரலால் அழுத்திக்கொண்டாள்.

"தரமாட்டேன்" என்றாள்.

நூறு வேலும் ஒரே சத்தத்தில் நிமிர்ந்தன. ஊர் ஜனம் மூச்சை இழுத்துக்கொண்டது. ராஜாவின் கை துறுதுறுத்தது, ஐயோ, என்னமாய்த் துறுதுறுத்தது! விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன. ஒரு சொல் போதும், நாற்று அவருடையது. ஒரு சைகை போதும், அவள் தலையும் அவருடையது. முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. இவ்வளவு நாளும் அவர் கேட்டுப் பழகாத சொல் காதுக்குள் கிடந்து குடைந்தது.

அதிகாரி வரப்பின்மேல் ஒரு காலை வைத்தார்.

"காலை எடும்" என்றார் ராஜா.

"அரசே..."

"அது அவள் வரப்பு. காலை எடுத்துவிட்டுக் குடையை மடக்கும்."

பிறகு அவர் திரும்பினார். நடந்தார். வீரர்களும் திரும்பினார்கள். பத்தடி போனார், இருபது அடி போனார், முப்பது அடி போனார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொண்டு போனார்.

அப்போதுதான் வெயிலுகந்தாளுக்கு அழுகை வந்தது. கோட்டைகளை அறுத்த அன்று வராத அழுகை, இன்று பொலபொலவென்று வந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரப்பேறிக் கத்தினாள்.

"மகராசா! நில்லுங்க!"

நின்றார்.

"இந்த நாத்தைப் பிடுங்கி என் வயல்ல நடுவேன். தையில வெளைஞ்சா முப்பது கோட்டை வெதை வரும். முப்பது பேரு வெதைச்சா அடுத்த போகம் நாட்டுக்கே வரும். ஒண்ணு விடாமத் தாரேன். எந்த வயலு, எம்புட்டுத் தண்ணின்னு கேட்டுக்கேட்டுத் தாரேன்."

ராஜா மெல்ல நடந்து வரப்புக்கு வந்தார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"கொடுப்பதற்கு மனம் இருந்ததே தாயி. பிறகு ஏன் தரமாட்டேன் என்றாய்?"

"இது நெசமாவே என்னுதான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு, மகராசா" என்றாள். "தரமாட்டேன்னு சொல்லிப் பாத்தாத்தானே தெரியும்?"

"நான் என்ன செய்யட்டும்? எனக்குச் சும்மா இருக்க வராது" என்றார் ராஜா. சின்னப்பிள்ளை கேட்பது போலத்தான் கேட்டார்.

"சும்மா யாரு இருக்கச் சொன்னா? கதிர் வந்தா கிளி வரும். ராத்திரி மாடு வரும். வெளைஞ்சா மலைவாசல் வழியாக் கள்ளன் வருவான். அந்த மூணையும் நான் ஒருத்தியா எப்பிடி வெரட்டுவேன்? அதுக்குத்தானே ராசா வேணும்? வரப்புக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

அந்த வாரமே மலைவாசலுக்குக் காவல் திரும்பியது. விதை அதிகாரியைக் கிளி விரட்ட விட்டார்கள். அவர் குடையை விரித்து விரித்து மடக்கினால் கிளிகள் பயந்து பறந்தன, அந்தக் குடையால் நாட்டுக்கு ஆன முதல் பிரயோஜனம் அது. ராஜாவும் கவண்கல்லோடு வந்து நிற்பார். நின்ற இடத்திலிருந்து எட்டிப் பார்த்து, "இந்த மூலையில் தண்ணீர் கொஞ்சம் அதிகம் இல்லையோ?" என்பார். வெயிலுகந்தாள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள். "இல்லை, இல்லை, சும்மா கேட்டேன்" என்று பின்வாங்கிவிடுவார்.

தை மாதம் அறுத்தார்கள். முப்பது வரும் என்று சொன்னாள், முப்பத்தைந்து வந்தது. விதை வாங்க முதல் ஆளாக வந்து வரிசையில் நின்றவர் யார் என்றா கேட்கிறீர்கள்? ராஜாதான். அரண்மனைக்குப் பின்னால் அவருக்குச் சொந்தமாக ஒரு சின்ன வயல் உண்டு.

"எந்த வயலு? தண்ணி எப்பிடி?" என்றாள் வெயிலுகந்தாள். பதில் சொன்னார்.

"யாரு வெதைப்பா?"

ராஜா தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கவண் இழுத்து இழுத்துக் காய்ப்புக் காய்த்திருந்தது. அவள் ஒரு கோட்டையைத் தூக்கி அந்தக் கைகளில் வைத்தாள்.

ஆகவே, எழுந்து போவதற்கு முன்னால் இதை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: தன்னுடையதைத் தரமாட்டேன் என்று அச்சமில்லாமல் சொல்ல முடிந்தவரால்தான் மனதார அள்ளிக் கொடுக்க முடியும், அவரிடமிருந்து பறிக்காமல் அவர் வரப்புக்கு வெளியே நின்று காவல் காப்பதே நல்ல அரசு.